ஜூடிக்கு யாரும் வாய் பழக்கவில்லை

1

இந்தக் கதை கோபத்தில் ஆரம்பித்தது. அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என் மீதே எனக்கு இருப்பதால், முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். பதினான்காம் அத்தியாயத்தில் கதாநாயகிக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. அவளைக் கொண்டுபோய் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்தேன். சிரிப்புக்காகப் பக்கத்தில் இரண்டு பேர். ஒருத்தி, ஒரே ஒரு பல் முளைத்த பத்து மாதக் குழந்தையைத் தூக்கிவந்த பட்டணத்து அம்மா. இன்னொருவர், தன் நாய்க்குப் பல் காட்ட வேண்டும் என்று தவறி அங்கே வந்துவிட்ட பெரியவர். அந்த அம்மாவைப் பார்த்து கம்பவுண்டர் சொல்வார்:

"விழப் போற பல்லுக்கு டாக்டரா? அப்போ வெட்டப் போற நகத்துக்கும் ஒரு டாக்டரைப் பார்த்து வையுங்க!"

அந்த வாரம் கடிதமும் வாட்ஸப்புமாகக் குவிந்தன. "கம்பவுண்டரை இன்னும் ரெண்டு வாரம் இழுங்க சார்" என்றார் ஆசிரியர். இழுத்தேன்.

நீங்களும் அதைப் படித்திருக்கலாம், சிரித்திருக்கலாம். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "மேற்கே அய்யனார் கோவில் மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது, எட்டு வயது ஜூடி கன்னத்தில் கை வைத்தபடி—"

அடித்துவிட்டேன். கடைவாயில் சீழ் வைத்த குழந்தைக்கு மேகம் எதற்கு?

இரண்டாவது: "குழந்தைக்கு முதல் பல் முளைத்த உடனே, அல்லது ஒரு வயது முடிவதற்குள், பல் மருத்துவரிடம் ஒருமுறை—"

இது சுவரொட்டி. ஒட்டிய அன்றே அதன் மேல் வேறொன்றை ஒட்டிவிடுவார்கள்.

மூன்றாவது: "எபனேசர் ஒரு கெட்ட தகப்பன்."

இதைத்தான் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். கோபத்துக்கு வசதியான வாக்கியம். என்ன செய்வது, அது பொய்.

(இந்தக் கதையைப் பற்றிப் போனில் சொன்னபோது, "ஸ்ரீவில்லிபுத்தூர் வருதுன்னா பால்கோவா வந்தாகணுமே சார்" என்றார் இப்போதைய ஆசிரியர். வராது.)

3

எபனேசர் வீடு ராஜபாளையத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றார். வந்த கையோடு நாய் வளர்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட வெள்ளை நாய்.

கம்பவுண்டர் நகைச்சுவை வந்த வாரம், இதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"நீங்கதானா அந்த எழுத்தாளரு?"

"ஆமா. உள்ள வாங்க."

"உக்கார வரல அண்ணாச்சி, சண்ட போட வந்திருக்கேன். நாய்க்குப் பல்லு பாக்குதத கேலி பண்ணி எழுதியிருக்கீயளே, என்னைக்காவது ஒரு நாயோட வாயத் தெறந்து பாத்திருக்கீயளா? சொல்லுங்க, எத்தன பல்லு?"

எனக்குத் தெரியவில்லை.

"நாப்பத்திரெண்டு. குட்டியில இருவத்தெட்டு. மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியா சேரலன்னு வைங்க, ஷோவுல ஜட்ஜ் உதட்டத் தூக்கிப் பாத்த நிமிசமே வெளிய அனுப்பிருவாரு. ரெண்டு மாசத்துலயே டாக்டர்ட்ட வாயக் காட்டணும். பொறவு வருசா வருசம் காட்டணும். ஈறு கெட்டா ஒடம்பே கெட்டுரும். தெரியாம எழுதப்பிடாது."

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தொடரிலேயே திருத்தினேன். பெரியவர் தன் நாயைச் சரியான இடத்துக்குக் கூட்டிப்போய், நாயும் நன்றாக இருப்பதாக எழுதினேன். ஆனால் அன்று வாசலைவிட்டு இறங்குமுன் எபனேசர் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார்.

"அந்தப் பச்சப்புள்ள விசயம் மட்டும் சரியா எழுதியிருக்கீய. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. பத்து மாசப் புள்ளைக்கு ரெண்டு பல்லு மொளச்சிருக்கு, டாக்டர்ட்ட காட்டணும்ங்கா. ஒங்க கம்பவுண்டர் சொன்னத அவகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். அப்பறம் பேச்சே இல்ல."

நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

நாய்க்காகச் சண்டை போட ஒரு ஆள் வந்தார். குழந்தைக்காக யாரும் வரவில்லை. நானும் அதைத் திருத்தவில்லை.

* அந்த "ஒருத்தி" அவர் மனைவி எப்சி. அந்தப் பத்து மாதக் குழந்தைதான் ஜூடி. எப்சிக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில், கட்டுகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் பிரிவில் வேலை. கம்பெனியில் ஒரு நாள் மருத்துவ முகாம் நடந்தது. அதற்கு வந்திருந்த பல் டாக்டர் ஒருவர் சொன்னதைத்தான் எப்சி வீட்டில் வந்து சொன்னார். ஒரு வயதுக்குள் காட்ட வேண்டும் என்று. சொன்னவர் டாக்டர், மறுத்தவன் கம்பவுண்டர். அந்தக் கம்பவுண்டரோ என் கற்பனை. ஜெயித்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

4

இந்தப் பகுதியை முதல் இரண்டு பிரதிகளில் நான் எழுதவில்லை. காரணம், இதில் நானும் இருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் எபனேசரிடம் ஒரு குட்டி. பெயர் கர்னல். "ஹவில்தார் கர்னலுக்கு வாய் தொடைக்காரு" என்று தெருவில் கேலி. காலையில் அவர் வீட்டு முற்றத்தில் அந்த வேலை நடக்கும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வாய் பழக்குதல்'. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எப்சியின் கம்பெனித் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வார்.

"மொத வாரம் உதட்டுக்கு வெளிய மட்டும் தொடணும் அண்ணாச்சி. ரெண்டாவது வாரம் ஈறு. மூணாவது வாரம் பல்லு. அது மொகத்தத் திருப்பிச்சுன்னா அன்னைக்கு விட்டுரணும். பிடிச்சு அமுக்கித் தெறந்தீயன்னா முடிஞ்சுது. ஆயுசுக்கும் கைய உள்ள விடாது. கடிக்கும், கடிச்சாலும் அது மேல தப்பு இல்ல."

"இம்புட்டுப் பொறுமை ஒங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?"

"டாக்டர் மேசையில அது நடுங்காம நிக்கணும்லா? சின்னதுலயே பழகிட்டா அதுக்கு டாக்டர்னா நாலு விரல், ஒரு வெளிச்சம், அம்புட்டுதான். வலி வந்த பொறவு மொத தடவையா தூக்கிட்டுப் போனா, அதுக்கு டாக்டர்தான் வலி."

இதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதியிருக்கிறேன். பல் மருத்துவத்தில் குழந்தைகளைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை. சொன்னவர் நாயைப் பற்றிச் சொன்னார்.

ஜூடி பக்கத்தில் பள்ளிச் சீருடையில் தோசை தின்றுகொண்டிருந்தாள். இடது பக்கம் மட்டும் மென்றாள்.

"அப்பா, எனக்கும் பாருங்க. இந்தப் பக்கம் வலிக்கி."

வாயைத் திறந்து காட்டினாள். கவனியுங்கள். அவளாகவே திறந்தாள்.

எபனேசர் குட்டியின் உதட்டைவிட்டுக் கையை எடுக்காமல் எட்டிப் பார்த்தார். "முன்பல்லு விழுந்து மொளச்சிச்சுல்லா, அது மாதிரி அதுவும் விழுந்துரும். தள்ளி உக்காரு ஏட்டி, குட்டி பயப்படுது."

ஜூடி என்னைப் பார்த்தாள். நான்—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வேறு வினைச்சொல் இருந்திருக்கலாம். இல்லை. நான் டீ குடித்தேன்.)

5

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியிலிருந்து போன். ஜூடியின் வலது கன்னம் வீங்கிக் கண்வரை ஏறியிருந்தது. என் காரில் எபனேசரையும் ஜூடியையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எப்சி கம்பெனியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். டாக்டர் ஆனந்தவல்லி. ஏழு வருடத்துக்கு முன் முகாமுக்கு வந்திருந்த அதே டாக்டர்.

நாற்காலியில் ஜூடியை உட்காரவைத்ததும் அது சாய்ந்தது. மேலே விளக்கு எரிந்தது. ஜூடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்த நேரம் அவளை விடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார் டாக்டர்.

எபனேசருக்கு அது காதில் விழவில்லை. வீங்கிய முகத்தைப் பார்த்ததிலிருந்து அவர் அவராக இல்லை. "வாயத் தெறடி! ஏட்டி, தெறங்கேம்லா!" என்று அணிவகுப்புக் குரலில் கத்தினார். கையைப் பிடித்து விலக்கினார். உதவிக்கு நிற்கும் கருத்தம்மாள் தலையைப் பிடித்தார். ஜூடி உதைத்தாள். காலை நான் பிடித்தேன்.

ஆமாம், நான்தான். இரண்டு கணுக்காலும் என் கைக்குள் இருந்தன. அவ்வளவு சின்னவை.

வாய் திறந்த ஒரு நொடியில் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டார். அடுத்த நொடியில் ஜூடி தகப்பனின் விரலைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

"எல்லாரும் கைய எடுங்க!" என்றார் டாக்டர். எடுத்தோம். ஜூடி நாற்காலியிலிருந்து குதித்து ஓடி, எப்சியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இது பால் பல் இல்ல. ஆறு வயசுல, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி முளைக்கிற பல். இது விழாது. போனா இந்த இடத்துல வேற பல் வராது."

"விழாம எப்படி மேடம் நெலையான பல்லு வரும்?" என்றார் எபனேசர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பதில் சொன்னது எப்சி. குரலை உயர்த்தாமல் கேட்டார்: "கர்னலுக்குக் கடவாய்ப் பல்லு எப்படி வரும்? மேடத்துக்குச் சொல்லுங்க."

எபனேசர் கடிபட்ட விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க. நாப்பத்திரெண்டும் தெரியும்லா ஒங்களுக்கு."

"கடைசில உள்ளது..." என்றார். "கடைசில உள்ளது, எதுவும் விழாமத்தான் வரும்."

6

இனி என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். இதில்தான் கதை நிற்கிறது.

வீக்கம் வற்ற மருந்து கொடுத்தார். கன்னம் இன்னும் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ நேரம் பார்க்காமல் வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை திரும்ப வர வேண்டும். அன்று ஜூடி தானாக வாயைத் திறந்தால், வேருக்குள் இருக்கும் சீழை எடுத்து, நாலைந்து தடவை வரவழைத்துப் பல்லைக் காப்பாற்றலாம். திறக்காவிட்டால் மதுரைக்குப் போய், மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டும். நாலைந்து தடவை மயக்கம் கொடுக்க முடியாது. ஒரு தடவைதான். ஒரே தடவையில் செய்யக்கூடியது பிடுங்குவதுதான்.

"அவ வாய் திறந்தா பல் இருக்கும். ஆனா யாரும் திறந்து விடக் கூடாது. இன்னொரு தடவை பிடிச்சு அமுக்குனா, அவ கல்யாணம் ஆகிப் பேரன் எடுத்தாலும் இந்தப் படி ஏற மாட்டா."

திரும்பி வரும்போது காரில் ஜூடி தூங்கிவிட்டாள். வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும் எப்சி பேசினார்.

"மூணு மாசக் குட்டி நாலு தடவ டாக்டர்ட்ட போயிருக்கு. எட்டு வயசுப் புள்ள இன்னைக்குத்தான் மொத தடவ. அதுவும் காலப் பிடிச்சு."

"எப்சி, போதும்."

"போதாது. அன்னைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டுனீயள்லா. இப்ப வாசிங்க. விழப் போற பல்லுக்கு டாக்டராம். எழுதுன ஆளும் வண்டியிலதான் இருக்காவ."

"அது கதைம்மா..." என்றேன்.

"எங்க வீட்டுல அத கதையா வாசிக்கலியே அண்ணாச்சி."

ராஜபாளையம் வரும்வரை நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். சாலையை இங்கே வர்ணித்துப் பக்கத்தை நிரப்பும் வழக்கம் எனக்கு உண்டு. இன்று நான் அந்த ஆள் இல்லை.

7

இந்த இடத்தில் எனக்கு எபனேசர் மீது சந்தேகம் வந்தது. பாத்திரமாக அவர் நிற்பாரா? நாயை அவ்வளவு அறிந்தவர் மகள் விஷயத்தில் இவ்வளவு குருடாக இருப்பாரா? வாசகர் நம்புவாரா?

பிறகு என் தெருவை நினைத்தேன். பைக்குக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்று தவறாமல் விடும் மனிதர்கள். தென்னைக்கு வண்டு விழுமுன்பே மருந்து வைப்பவர்கள். பிள்ளையின் வாய்க்கு மட்டும், வலிக்கட்டும், பார்ப்போம் என்பவர்கள். வலித்தாலும் கிராம்பு வைப்பார்கள். வீட்டில் பூனை வளர்ப்பவர்களும் அப்படித்தான். அதன் வாய் நாறினால், பூனை என்றால் நாறத்தான் செய்யும் என்கிறார்கள். எபனேசராவது ஒரு வாயைப் பார்த்தார்.

ஆகவே அவரை நம்புகிறேன். மன்னிக்கவில்லை, நம்புகிறேன்.

8

முடிவுகள்.

ஒன்று. வெள்ளிக்கிழமை பல் பிடுங்கப்படுகிறது. எபனேசர் அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். கோபத்தில் இதைத்தான் முதலில் எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது, தகப்பனைத் தண்டிப்பதற்காக நான் பிடுங்கியது மகளின்—

கிழித்துவிட்டேன்.

இரண்டு. ஆசிரியருக்குப் பிடித்தது. ஐந்து வருடம் கழித்து ஜூடி நாய்க் கண்காட்சியில் கோப்பையுடன் பளிச்சென்று சிரிக்கிறாள். அட்டைப்படத்துக்கு வசதி. இதை எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். உங்களுக்கு அந்த நிம்மதியை நான் ஏற்கனவே ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

மூன்று. எபனேசர் குட்டிக்குச் செய்ததையே மகளுக்கும் செய்து, வெள்ளிக்கிழமைக்குள் வாய் பழக்கிவிடுகிறார். இதுதான் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அவரே முயன்றார் என்பதும் உண்மை.

புதன்கிழமை கையைக் கழுவி, விரலில் துணி சுற்றி, "ஜூடிம்மா" என்று கூப்பிட்டார். ஜூடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் துணியை அவிழ்த்துவிட்டு எழுந்துபோனார். வியாழக்கிழமை துணி இல்லாமல் வெறும் விரலோடு வந்தார். விரலில் அவள் கடித்த தடம் கறுத்திருந்தது. ஜூடி அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலுதட்டுக்கு வெளியே தொட விட்டாள். ஒரு நொடி. பிறகு முகத்தைத் திருப்பினாள்.

"விட்டுட்டேன் அண்ணாச்சி" என்றார் என்னிடம். "மொத வாரத்துக்கு அம்புட்டுதான் ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான இருக்கு?"

"தெரியும். ரெண்டு மாசக் குட்டிக்கே மூணு வாரம் ஆகுது. இவளுக்கு ஏழு வருசம் இருந்துச்சு." அத்தோடு எழுந்துவிட்டார். இல்லாததை நான் எழுதிச் சேர்க்கப் போவதில்லை.

9

வெள்ளிக்கிழமை. ஜூடியின் கன்னம் வற்றியிருந்தது. டாக்டர் அறையில் அவள் நாற்காலியிலிருந்து நான்கடி தள்ளி நின்றாள்.

"நீ ஏற வேண்டாம். யார் முதல்ல ஏறணும்னு நீயே சொல்லு" என்றார் டாக்டர்.

ஜூடி யோசித்தாள். "அப்பா."

எபனேசருக்கு முகம் வெளுத்தது. "எனக்கு ஒண்ணும் இல்லையே மேடம்."

"ஒக்காருங்க சார். மிலிட்டரில பாத்திருப்பாங்கள்லா?" என்றார் கருத்தம்மாள்.

"சேரும்போது எண்ணுனாவ. அத்தோட சரி."

ஏறினார். நாற்காலி சாய்ந்ததும் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கினார். விளக்கு முகத்துக்கு வந்ததும் கால்கள் தாமாகவே அரையடி மேலே எழுந்தன. ஜூடி அதைப் பார்த்தாள். டாக்டரிடம் கேட்டாள்:

"நான் கால பிடிக்கணுமா?"

எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

"வேண்டாம்மா. யாரும் யாரையும் பிடிக்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

எபனேசர் வாயைத் திறந்தார். டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு பல்லையும் சத்தமாக எண்ணினார். ஜூடி கால்விரல் நுனியில் எக்கி நின்று தகப்பனின் வாய்க்குள் பார்த்தாள். கீழே இடது பக்கம் இரண்டு பல் கறுத்துக் குழியாக இருந்தன.

"அப்பாவுக்கு ரெண்டு சொத்தை" என்றாள். அந்த ஒரு கேள்வியை விட்டால், அந்த வாரத்தில் அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"அவருக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். எபனேசர் இறங்கினார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

பிறகு, யாரும் சொல்லாமலே, ஜூடி ஏறினாள். சாய்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு ஒட்டியிருந்தது. டாக்டர் சின்னக் கண்ணாடியை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஜூடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் விளக்கு தெரிந்தது, கூரை தெரிந்தது, அப்பா தெரிந்தார்.

இங்கே நான் "ஜூடி வாயைத் திறந்தாள்" என்று எழுதினால் திறந்துவிடுவாள். மூன்றே சொல். பல் பிழைத்துவிடும். ஆசிரியர் சந்தோஷப்படுவார், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். எனக்கும் இன்று ராத்திரி தூக்கம் வரும்.

மாட்டேன். செவ்வாய்க்கிழமை அவளை மூன்று பேர் பிடித்தோம். அந்த வாக்கியம் நாலாவது ஆள்.

கருத்தம்மாள் கதவுக்கு வெளியே எட்டி, அடுத்து வந்தவர்களை உட்காரச் சொல்கிறார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எப்சி ஜன்னலோரம் நிற்கிறார். எபனேசர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் பேனாவை மூடுகிறேன். நீங்களும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும். அவள் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.